ரோம் நகரத்து டிராட்டோரியாவில் சாப்பிடுவது எப்படி

ரோமுக்குப் போய் வந்தவர்கள் சிலர், அங்கே சாப்பாடு சுமார்தான் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். எங்கே சாப்பிட்டீர்கள் என்று விசாரித்தால், கொலோசியத்துக்கு எதிரிலோ திரேவி நீரூற்றுக்குப் பக்கத்திலோ, வண்ணப்படங்கள் அச்சிட்ட மெனு அட்டையோடு வாசலில் நின்று அழைத்தவரின் கடையில் என்பார்கள். அந்நகரத்து மக்கள் வெளியே சாப்பிடும் இடம் அதுவன்று. தங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள டிராட்டோரியா என்னும் சிறிய உணவகத்துக்கே அவர்கள் போகிறார்கள். பெரும்பாலும் ஒரு குடும்பம் நடத்துவது. சில மேசைகள், காகித விரிப்பு, ஓரிரு பக்கங்களில் அடங்கிவிடும் மெனு. அங்கே நன்றாகச் சாப்பிட அதிகப் பணம் தேவையில்லை. அந்தச் சமையலறை எந்த நேரத்தில், எந்தக் கிழமையில், எந்தப் பருவத்தில் எதைச் சமைக்கிறது என்று தெரிந்துகொண்டு அதைக் கேட்டு வாங்கத் தெரிந்தால் போதும்.

முதல் முறை போகிறவர்களுக்கு நான் தெஸ்தாச்சோ என்ற பேட்டையைத்தான் சொல்வேன். பிரமிதே மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். ரோமானியர் காலத்தில் எண்ணெய் கொண்டுவந்த மண்சாடிகளின் ஓடுகள் குவிந்து ஏறத்தாழ 35 மீட்டர் உயரக் குன்றாகவே எழுந்து நிற்கும் இடம் அது. நகரத்தின் பெரிய இறைச்சிக்கூடம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கேதான் கட்டப்பட்டது. 1975இல் மூடப்படும்வரை இந்தப் பேட்டையின் பிழைப்பும் சமையலும் அதைச் சுற்றியே இருந்தன. வெட்டிய மாட்டின் நான்கு கால்பங்குகளும் வசதியுள்ளவர்களின் வீடுகளுக்குப் போய்விட, எஞ்சிய வால், குடல், ஈரல், நாக்கு முதலியவை தொழிலாளர்களுக்குக் கூலியின் ஒரு பகுதியாகக் கிடைத்தன. அதை அவர்கள் 'ஐந்தாவது கால்பங்கு' என்ற பொருளில் குயிந்தோ குவார்த்தோ என்று அழைத்தார்கள். தக்காளியும் செலரியும் சேர்த்து மணிக்கணக்கில் வேகவைக்கும் மாட்டுவால் குழம்பான கோதா அல்லா வச்சினாரா, புதினாவும் பெக்கொரீனோ சீஸும் மணக்கும் குடல்குழம்பான த்ரிப்பா அல்லா ரொமானா ஆகியவை அப்படிப் பிறந்தவையே. ஆட்டுக்குடலைப் போட்டி என்று மிளகு அரைத்துச் சமைக்கும் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது.

நேரத்தை முதலில் கவனியுங்கள். மதியச் சாப்பாடு ஏறக்குறைய பன்னிரண்டரை மணி முதல் மூன்று மணி வரைதான். அதற்குப் பிறகு அடுப்பு அணைந்துவிடும். இரவுச் சாப்பாடு ஏழரைக்குத் தொடங்கினாலும், பேட்டைக்காரர்கள் எட்டரைக்கு மேல்தான் வந்து அமர்வார்கள். மாலை ஆறு மணிக்கே சுடச்சுடச் சாப்பாடு போடும் கடை பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளுக்கானது. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு. ஆகஸ்ட் 15 அன்று வரும் ஃபெர்ரகோஸ்தோ திருநாளை ஒட்டிப் பல கடைகள் ஒன்றிரண்டு வாரங்கள் மூடியே இருக்கும் என்பதால், அந்த மாதத்தில் போகிறவர்கள் முன்னதாகவே விசாரித்துக்கொள்ள வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்கு, அதிலும் வெள்ளி, சனிக்கிழமைகளில், காலையிலேயே தொலைபேசியில் அழைத்தோ நேரில் போயோ மேசையைப் பதிவுசெய்துவிடுவது நல்லது.

உள்ளே நுழைந்ததும் காலியாக இருக்கும் மேசையில் போய் உட்கார்ந்துவிடக் கூடாது. வாசலருகே நின்று 'புவோனசேரா' என்று மாலை வணக்கம் சொல்லி, எத்தனை பேர் என்பதைத் தெரிவித்தால் அவர்களே இடம் காட்டுவார்கள். வணக்கம் சொல்லாமல் நுழைவதை அங்கே மரியாதைக் குறைவாகவே எடுத்துக்கொள்கிறார்கள். பரிமாறுகிறவரை அழைப்பதற்குக் கண்ணைப் பார்த்து 'ஸ்கூசி' என்றால் போதும்.

மெனுவில் உணவுகள் வரிசையாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஆந்திபாஸ்தி என்பவை முன்னுணவுகள்; ப்ரீமி என்பவை பாஸ்தாவும் சூப்பும்; செகோந்தி என்பவை இறைச்சியும் மீனும்; கொந்தோர்னி என்பவை காய்கறிகள்; தோல்ச்சி என்பவை இனிப்புகள். நம்மவர்கள் தவறுவது இங்கேதான். சோறும் குழம்பும் பொரியலும் ஒரே இலையில் வரப் பழகிய நாம், செகோந்தோ ஒன்றைக் கேட்டால் கூடவே காய்கறியும் வரும் என்று எதிர்பார்க்கிறோம். வராது. தட்டில் இறைச்சி மட்டும் இருக்கும். காய் வேண்டுமென்றால் கொந்தோர்னியிலிருந்து தனியாகக் கேட்க வேண்டும். பாஸ்தாவும் இறைச்சிக்குத் துணைப் பண்டமன்று. அது தனியாக வந்து, தனியாகச் சாப்பிட்டு முடிக்கப்பட்ட பிறகே அடுத்த தட்டு வரும். எல்லா வரிசையிலும் ஒன்றொன்று வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஒரு பாஸ்தாத் தட்டுக்கு உலர்ந்த நிலையில் 80 முதல் 100 கிராம் வரை எடுப்பார்கள் என்பதால், ஒருவருக்கு ஒரு ப்ரீமோவும் ஒரு கொந்தோர்னோவும் வயிறு நிறையப் போதும். இருவர் போனால் முன்னுணவு ஒன்றைப் பகிர்ந்துகொண்டு ஆளுக்கொரு பாஸ்தா வாங்குவது என் வழக்கம்.

பாஸ்தாவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ரோமின் டிராட்டோரியாவை எடைபோடும் இடமே அதுதான். நான்கு பாஸ்தாக்கள் ஏறக்குறைய எல்லா மெனுவிலும் இருக்கும். நான்கும் ஒன்றுக்கொன்று உறவுள்ளவை. செம்மறியாட்டுப் பாலில் செய்த உப்பு மிகுந்த பெக்கொரீனோ சீஸையும் மிளகையும் பாஸ்தா வெந்த நீரில் குழைத்தால் அது காச்சோ எ பேபே. அதனோடு குவாஞ்சாலே என்னும் பதப்படுத்திய பன்றிக் கன்னத்தசையை முறுகலாக வறுத்துச் சேர்த்தால் க்ரீச்சா. க்ரீச்சாவில் தக்காளி சேர்ந்தால் அமாத்ரிச்சானா. ரோம் அடங்கிய லாட்சியோ மாநிலத்தின் மலையூரான அமாத்ரிச்சேயின் பெயரைத் தாங்கியது அது. அந்த ஊர் 2016 ஆகஸ்ட் 24 நிலநடுக்கத்தில் ஏறக்குறைய முழுவதும் இடிந்துபோனது. தக்காளிக்குப் பதிலாக முட்டை சேர்ந்தால் கார்பொனாரா. இவற்றில் எதிலும் க்ரீம் கிடையாது. குழைவெல்லாம் சீஸும் முட்டையும் மாவுச்சத்து கலந்த வெந்நீரும் சேர்ந்து வருவதுதான். நான்கில் எளிமையாகத் தோன்றும் காச்சோ எ பேபேதான் கைப்பக்குவத்தை அதிகம் சோதிப்பது. சூடு சற்று மிஞ்சினாலும் சீஸ் திரிந்து கட்டிதட்டிவிடும். ஆகவே புதிய கடை ஒன்றுக்குப் போனால் நான் முதலில் அதைத்தான் கேட்பேன். சாறு பால்போல் ஒன்றுசேர்ந்து இழைகளைப் பற்றியிருந்தால் அந்தச் சமையலறையை நம்பி மற்றவற்றையும் கேட்கலாம். பாஸ்தா நடுவில் சற்றுக் கடிபடும் பதத்திலேயே வரும். வேகவில்லை என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

கிழமைக்கும் ஒரு கணக்கு உண்டு. வியாழன் ஞொக்கி என்னும் உருளைக்கிழங்கு மாவு உருண்டைகள், வெள்ளி மீன், சனி குடல் என்பது ரோமில் பழமொழிபோல் வழங்குவது. வெள்ளியன்று இறைச்சி தவிர்க்கும் கத்தோலிக்க நோன்பு அதன் பின்னணியில் இருக்கிறது. பழைய டிராட்டோரியாக்கள் பல இதை இன்றும் கடைப்பிடிக்கின்றன. ஆகவே மெனுவைத் திறப்பதற்கு முன்பே 'கே சே ஓஜ்ஜி?', அதாவது இன்று என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பருவத்தையும் பாருங்கள். குளிர்காலத்தின் பிற்பகுதியிலும் வசந்தத்திலும் போனால் ஆர்ட்டிசோக் என்னும் பூமொட்டுக் காயைத் தவறவிடக் கூடாது. அல்லா ரொமானா என்றால் பூண்டும் ஒருவகைப் புதினாவும் அடைத்து எண்ணெயில் மெல்ல வேகவைத்தது. அல்லா ஜூதியா என்றால் முழுதாக எண்ணெயில் பொரித்து, இதழ்கள் பூப்போல விரிந்து அப்பளமாக நொறுங்குவது. பின்னது, 1555 முதல் ஒரு சிறிய பகுதிக்குள் அடைக்கப்பட்டு வாழ்ந்த ரோமின் யூதச் சமூகத்தின் சமையல். கோடையில் அதே பண்டம் மெனுவில் இருந்தால் அது உறைய வைத்ததாக இருக்கலாம். உறைய வைத்த பொருளுக்கு மெனுவில் நட்சத்திரக்குறி இட்டு அடியில் குறிப்பு எழுதுவது வழக்கம் என்பதால் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். தக்காளிச் சாறு என்று நம்பி அமாத்ரிச்சானா கேட்டுவிட்டு, முள்கரண்டியில் பன்றித்துண்டு வந்ததும் முகம் வாடிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். புந்தரெல்லே என்ற கீரைத்தண்டு சாலட்டின் சாறு, உப்பில் ஊறிய நெத்திலியை நசுக்கிச் செய்வது. பூசணிப்பூ பஜ்ஜியின் உள்ளேயும் மொட்சரெல்லா சீஸோடு நெத்திலி இருக்கும். கொண்டைக்கடலைச் சூப்பிலும் நெத்திலி கரைந்திருக்கக்கூடும். சீஸ் விஷயத்தில் கண்டிப்பானவர்கள் அறிய வேண்டியது ஒன்று உண்டு: பெக்கொரீனோ ரொமானோவைத் திரளச் செய்வது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்தும், பார்மிஜானோ என்ற பசும்பால் சீஸைத் திரளச் செய்வது கன்றின் இரைப்பையிலிருந்தும் எடுக்கும் உறைபொருள்தான். அது கூடாது என்பவர்களுக்கு, 'சென்ட்சா ஃபொர்மாஜ்ஜோ' என்று சீஸ் இல்லாமல் கேட்டு வாங்கும், தக்காளிச் சாறு மட்டும் சேர்ந்த பாஸ்தா அல் பொமதோரோவும், பூண்டும் மிளகாயும் சேர்ந்து நம் நாக்குக்கு இதமாக உறைக்கும் ஆர்ராபியாத்தாவும், பூண்டும் மிளகாயும் போட்டு எண்ணெயில் வதக்கிய சிக்கோரியா கீரையும், பொரித்த ஆர்ட்டிசோக்கும் இருக்கின்றன. முட்டை வேண்டாதவர்கள் ஃபெத்துச்சீனே போன்ற புதுப்பாஸ்தாவைத் தவிர்த்து, உலர்ந்த ரிகத்தோனியோ ஸ்பகெத்தியோ கேட்க வேண்டும். வெறுமனே சைவம் என்று சொல்வதைவிட, இறைச்சி, மீன், நெத்திலி, முட்டை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வேண்டாம் என்பதே பயன் தரும். நெத்திலிக்கு 'அச்சூகே' என்று பெயர். பன்றியிறைச்சி கூடாதவர்களுக்கு மயாலே, குவாஞ்சாலே, பஞ்சேத்தா, ப்ரொஷூத்தோ ஆகிய சொற்களும், மாட்டிறைச்சி உண்ணாதவர்களுக்கு மான்ட்சோ, வித்தெல்லோ, கோதா, த்ரிப்பா ஆகிய சொற்களும் எச்சரிக்கைப் பலகைகள். ஒவ்வாமை உள்ளவர்கள் தயங்கவே வேண்டாம்: 14 வகை ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றிய தகவலை ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி உணவகம் தந்தாக வேண்டும்.

மேசையில் தெரிந்திருக்க வேண்டியவை சிலவே. நீள இழைப் பாஸ்தாவைக் கத்தியால் வெட்டாமல், சில இழைகளை மட்டும் முள்கரண்டியில் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துச் சுற்றுங்கள். மீன் சேர்ந்த பாஸ்தாவுக்குச் சீஸ் கேட்பதில்லை. ரொட்டி பாஸ்தாவோடு சாப்பிடுவதற்கன்று. தட்டில் மிஞ்சும் சாற்றை வழித்துச் சாப்பிடுவதற்கு. அதற்கு ஸ்கார்ப்பெத்தா என்று செல்லப்பெயரே உண்டு. கையால் சாப்பிடக் கூச்சப்படவும் வேண்டாம்: 'விரல் சுடும்' என்ற பொருளிலேயே பெயர் அமைந்த ஸ்கொத்ததீதோ என்னும் ஆட்டுக்குட்டி விலாத்துண்டுகளை எலும்பைப் பிடித்துக் கடித்துத்தான் சாப்பிடுகிறார்கள்.

தண்ணீர் பாட்டிலாகவே வரும், அதற்கு விலை உண்டு. வாயு கலக்காதது வேண்டுமென்றால் 'நத்துராலே' என்று சொல்லுங்கள். ஒயின் அருந்துகிறவர்கள் கடையின் சொந்த ஒயினைக் கால் லிட்டர், அரை லிட்டர் அளவுக் குவளையில் கேட்கலாம். அருகிலுள்ள குன்றூர்களின் வெள்ளை ஒயின் இந்த உப்புச் சமையலுக்கு நன்றாகவே ஒத்துப்போகிறது. சாப்பாட்டுக்குப் பிறகு பால் கலந்த கப்புச்சீனோ குடிக்கும் வழக்கம் அங்கே இல்லை. சிறு கோப்பையில் வரும் கடுங்காபிதான்.

விலையில் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. மீனின் விலைக்குப் பக்கத்தில் 'ஏத்தோ' என்று இருந்தால் அது 100 கிராமுக்கான விலை. முழு மீனின் விலையன்று. எடைபோட்டுக் காட்டச் சொல்லி, மொத்தம் எவ்வளவு என்று கேட்டுவிட்டுச் சமைக்கச் சொல்லுங்கள். வாயால் மட்டும் சொல்லப்படும் அன்றைய சிறப்புப் பண்டத்துக்கும் விலை கேட்பதில் தவறில்லை.

சாப்பிட்டு முடித்ததும் பில் தானாக வராது. அதைக் கேளாமல் கொண்டுவந்து வைப்பது விருந்தினரை எழுந்து போகச் சொல்வதாகிவிடும் என்று கருதுகிறார்கள். 'இல் கோந்தோ, பேர் ஃபவோரே' என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். மேசைக்கென்று வாங்கும் கொபேர்த்தோ என்ற கட்டணத்தை லாட்சியோ மாநிலம் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் விலக்கிவிட்டது. ஆனால் பானே என்ற பெயரில் ரொட்டிக்கு ஆளுக்கு ஒன்றிரண்டு யூரோ இருக்கும்; வேண்டாமென்றால் தொடக்கத்திலேயே கூடையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். செர்வீட்சியோ என்று சேவைக்கட்டணம் சேர்ந்திருந்தால் தனியாக எதுவும் வைக்கத் தேவையில்லை. இல்லையென்றாலும் டிப்ஸ் கட்டாயமன்று, மகிழ்ச்சியாகச் சாப்பிட்டிருந்தால் சில்லறையை முழுத்தொகையாக்கி வைத்துவிட்டு வரலாம். ரசீதை மறவாமல் வாங்கிக்கொள்ளுங்கள். ஊரில் இன்னும் சில நாள் தங்குகிறீர்கள் என்றால், பணம் கொடுக்கும்போதே வியாழக்கிழமை ஞொக்கி உண்டா என்று கேட்டு, அங்கேயே மேசையைச் சொல்லிவைத்துவிட்டு வாருங்கள்.