பழைய 94-க்கு வீட்டிலேயே தோட்டா

பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்கு என் துணை, ஒரு பழைய வின்செஸ்டர் 94 லீவர் துப்பாக்கி. அதன் .30-30 ரகத் தோட்டாவை நானே நிரப்பித் தயாரிக்கிறேன்.

தோட்டாவின் முனையில் பொருத்தும் குண்டின் மூக்கு தட்டையாக இருக்கட்டும். இந்தத் துப்பாக்கியில் தோட்டாக்கள் சுடுகுழலுக்குக் கீழே உள்ள குழாய்க்குள் வரிசையாகப் படுத்திருக்கும். கூர்மூக்கு முன்தோட்டாவின் அடியில் உள்ள பிரைமரை, அதாவது மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியை, குத்தினால் குழாயிலேயே வெடித்துவிடலாம். நான் போடுவது 170 கிரெய்ன் எடையுள்ள குண்டு.

அப்புறம் குண்டையும் மருந்தையும் தாங்கும் பித்தளைக் கேஸ். 2.039 அங்குலத்தைத் தாண்டியதை 2.029-க்கு வெட்டுங்கள். எல்லாம் ஒரே நீளமாக இருந்தால்தான் வாய் விளிம்பு குண்டின் பள்ளத்தில் ஒழுங்காக மடங்கி, குண்டைப் பிடித்துக்கொள்ளும். ஒருமுறை சோம்பலில் அளக்காமல் விட்டேன். குழாய் ஸ்பிரிங் அழுத்தியதில் இரண்டு குண்டுகள் கேஸுக்குள் இறங்கிவிட்டன. சுடவில்லை, பிரித்துப் போட்டேன்.

வெடிமருந்து அளவா? தோட்டா நிரப்பும் கையேட்டில் உள்ள தொடக்க அளவு. என் தோளுக்கும் அதுதான் பிடிக்கும். சுடும்போது, அடுத்த தோட்டாவை ஏற்றும் லீவரை மட்டும் தயங்காமல் கடைசிவரை இழுங்கள். பாதியில் நிறுத்தினால் மக்கர் பண்ணும்.