பொறுப்புக்கு வரும் இளைஞர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆகஸ்ட் பிறந்தால் குமரி மாவட்டத்தில் பனை விதை நடும் குழுக்கள் கிளம்பிவிடும். இருபது வயதுப் பிள்ளைகள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு வேலையை முடிக்கப் பழகுவது அங்கேதான். சறுக்குவதும் அங்கேதான்.

பெரிய சறுக்கல், ஊரைக் கேட்காமல் இறங்குவது. குளத்தங்கரை சும்மாதானே கிடக்கிறது என்று சாக்கைப் பிரித்து வரிசையாக விதையைப் புதைத்துவிடுவார்கள். "மக்களே, தூர்வார ஜேசிபி இந்த வழியாத்தான் எறங்கும், அந்தப் பக்கமா நடுங்க" என்று சொல்ல, அந்தத் தண்ணீரில் வயல் செய்கிற பெரியவர் வேண்டும். ஊராட்சியில் அனுமதி வாங்கியிருந்தாலும் இந்த விவரம் அந்தக் காகிதத்தில் இருக்காது.

கடற்கரையிலும் அப்படித்தான். விசைப்படகுகளுக்கு நம் ஒரே மாவட்டத்தில் இரண்டு மீன்பிடித் தடைக்காலம். சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், தேங்காய்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. விசைப்படகுத் தொழிலாளர்களுக்கென்று மே மாதம் குளச்சலில் மருத்துவ முகாம் போட்டால், வர வேண்டியவர்கள் கடலில் இருப்பார்கள்.

அடுத்தது, எல்லாவற்றையும் ஒருவரே வைத்துக்கொள்வது. ரத்ததானப் பட்டியல் ஒரு பையனின் போனில் மட்டும் இருக்கும். ஆசாரிபள்ளம் மருத்துவமனையிலிருந்து ராத்திரி அழைப்பு வரும்போது அந்த போன் அணைந்திருக்கும். பட்டியல் மூன்று பேரிடமாவது இருக்கட்டும். பெயர், ரத்த வகையோடு கடைசியாகக் கொடுத்த தேதியும் கட்டாயம் வேண்டும். ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் இடைவெளி விட்டுத்தான் மறுபடி கொடுக்கலாம். தேதி இல்லாவிட்டால், "போன மாசந்தானே அண்ணே குடுத்தேன்" என்ற பதிலைக் கேட்டுக்கேட்டே நேரம் போய்விடும், அங்கே நோயாளி காத்திருக்க.

பட்டியல் எழுதுவதைச் சின்ன வேலை என்று நினைக்கிறவர்களுக்கு ஒக்கியை நினைவுபடுத்த வேண்டும். 2017 நவம்பர் 30-இல் புயல் அடித்த பிறகு தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களில் முதலில் தேவைப்பட்டது, கடலுக்குப் போனவர்கள் யார் யார், யார் திரும்பவில்லை என்ற கணக்கு. மேடையில் பேசத் தெரிந்தவரை விட, வீடு வீடாகப் போய்ப் பிழையில்லாமல் எழுதிவருகிறவரைத்தான் நான் தலைவர் என்பேன்.

பணக் கணக்கைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. டீச் செலவு ஐம்பது ரூபாய் என்றாலும் அன்றே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள்.

பலர் கவனிக்காத இன்னொன்று, கூட்டம் போடும் நேரம். நாகர்கோவிலில் ராத்திரி ஏழு மணிக்குக் கூடினால் பேச்சிப்பாறை, கடையால் பக்கத்துப் பிள்ளைகள் எந்த பஸ்ஸில் வீட்டுக்குப் போவார்கள்? முதலில் பெண்கள் வருவதை நிறுத்துவார்கள், பிறகு தூரத்து ஊர்க்காரர்கள். கடைசியில் பக்கத்துத் தெருப் பையன்கள் ஐந்து பேர் மிஞ்சுவார்கள். "யாருக்கும் ஆர்வமே இல்லை" என்று அவர்கள் குறைப்படுவதைக் கேட்கத்தான் எனக்கு வருத்தம். சனிக்கிழமை மதியம் வைத்துப் பாருங்கள்.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டு ஆண்டில் 240 மணி நேரமும் ஒரு சிறப்பு முகாமும் முடித்தால் சான்றிதழ் கிடைக்கும். அதை வாங்கிய கையோடு சென்னைக்கோ வளைகுடாவுக்கோ போகிறவர்கள் உண்டு. போகட்டும், பிழைப்பு இருக்கிறது. ஆனால் போவதற்கு ஆறு மாதம் முன்பே ஒரு முதலாண்டுப் பிள்ளையிடம் அடுத்த முகாமை முழுசாக ஒப்படையுங்கள். பந்தல்காரரிடம் பேசுவது முதல் ஊர்ப் பெரியவரைப் பார்ப்பது வரை அந்தப் பிள்ளையே செய்யட்டும். நீங்கள் அன்று நாற்காலி எடுத்துப் போடுங்கள்.