இரு குழாம் இலத்தீன் பாடல்களை நம் ஆலயங்களில் பாடுவது எப்படி

எட்டுக் குரல்களுக்கான பாடல் என்றதும் பங்குப் பாடகர் குழாங்கள் தயங்குவது இயல்பு. ஆனால் பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இரு குழாங்களுக்கென எழுதப்பட்ட இலத்தீன் வழிபாட்டுப் பாடல்களில் ஒவ்வொரு குழாமும் பாடுவது பெரும்பாலும் நாற்குரல் பாடலையே. அதிலும் கணிசமான நேரம் எதிர்க்குழாம் பாடிக்கொண்டிருக்க, நம்மவர் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். உண்மையான கடினம் ஒரு குழாம் முடித்து மற்றது தொடங்கும் இணைப்பிடங்களில்தான் இருக்கிறது. ஆகவே கிழக்கிலங்கையின் புளியந்தீவிலோ தாண்டவன்வெளியிலோ கல்முனையிலோ இத்தகைய பாடலொன்றைத் தயார்செய்ய எண்ணும் நெறியாளர், ஒத்திகை நேரத்தின் பெரும்பகுதியை அந்த இணைப்பிடங்களுக்கே ஒதுக்க வேண்டும்.

முதலில் ஆட்கணக்கு. ஒவ்வொரு குரலுக்கும் இருவர் வீதம் பதினாறு பேர் இருந்தால் போதுமானது. நாற்பது பேர் கொண்ட பெருங்குழாம் தேவையில்லை. எங்கும் டெனர் எனப்படும் ஆண்களின் மேற்குரலுக்கே ஆள் கிடைப்பதில்லை என்பதால், அயற்பங்கு ஒன்றின் குழாத்துடன் சேர்ந்து பாடுவது நல்ல வழி. அவ்வாறு சேரும்போது இரு பங்குகளையும் கலந்துவிடாமல், ஒரு பங்கை முதற் குழாமாகவும் மற்றதை இரண்டாம் குழாமாகவும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். நம் மட்டக்களப்புப் பகுதியின் கொம்புமுறி விளையாட்டில் வடசேரியும் தென்சேரியும் தத்தம் அளவில் முழுமையான கட்சிகளாக நின்று எதிரெதிரே பாடுவதைப் போன்றதே இந்த இசையின் அமைப்பும். வெனிசுப் புனித மாற்கு ஆலயத்தில் 1527 முதல் இசைத் தலைவராக இருந்த அட்ரியான் வில்லார்ட்டின் முறையை எடுத்துரைத்த இசையறிஞர் ஸார்லினோ, 1558இல் வெளிவந்த தம் இசையிலக்கண நூலில், ஒவ்வொரு குழாமும் தனித்துக் கேட்டாலும் இசைவு குறையாதிருக்க வேண்டும் என்றும், இரண்டும் சேரும் இடங்களில் பேஸ் எனப்படும் ஆண்களின் அடிக்குரல்கள் ஒரே சுரத்திலோ எண்மத்திலோ (ஒக்டேவ்) நிற்பது நன்று என்றும் விதித்தார். இது இசையமைப்பாளருக்குச் சொன்ன விதியாயினும் நமக்கும் பயன்படும்: இரு பேஸ் குரல்களையும் மட்டும் தனியே அழைத்து, சேர்ந்து பாடும் பகுதிகளைப் பாடச் சொன்னால், சுருதி விலகல் எங்கே தொடங்குகிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

எதைத் தெரிவுசெய்வது? தொடக்கத்துக்கு, 1550இல் அச்சான வில்லார்ட்டின் இரு குழாம் திருப்பாடல்கள் பொருத்தமானவை. அவற்றில் குழாங்கள் வசனத்துக்கு வசனம் மாறிமாறிப் பாடி, இறுதித் திரித்துவப் புகழில் மட்டுமே ஒன்றுசேர்கின்றன. அடுத்த படியாக இஸ்பானியரான தோமாஸ் லூயிஸ் தெ விக்டோரியாவின் எண்குரல் 'ஆவே மரியா'வைக் கூறலாம். அதன் பிற்பகுதி நாம் வழமையாகச் செபிக்கும் மங்கள வார்த்தைச் செபத்திலிருந்து வேறுபட்டிருப்பதால், சொற்களை மனப்பாடத்தை நம்பிப் பாடாமல் பிரதியைப் பார்த்தே பாட வேண்டும். இத்தாலிய இசையமைப்பாளர் பலஸ்திரீனாவின் எண்குரல் 'ஸ்தாபாத் மாத்தெர்' மூன்றாவது. ஏறத்தாழப் பத்து நிமிட நீளமுடையது, தவக்காலத்துக்கும் செப்டெம்பர் 15ஆந் திகதி வியாகுல அன்னை விழாவுக்கும் உகந்தது. தொடக்கத்தில் வரும் மூன்று கோர்ட்டுகளும் (பல சுரங்கள் ஒருங்கே ஒலிக்கும் கூட்டுகள்) ஒவ்வொரு படியாக இறங்குவதால், அந்த முதல் வரியிலேயே சுருதி நழுவும் அபாயம் உண்டு. இப்பாடல்களின் பிரதிகளைக் கோரல் பப்ளிக் டொமைன் லைப்ரரி என்னும் இணையத்தளத்தில் இலவசமாகப் பெறலாம். ஆயினும் பதிப்பாசிரியர் விதித்துள்ள நிபந்தனைகளைப் படித்த பின்னரே பிரதியெடுக்க வேண்டும்.

உச்சரிப்பில் நமக்கு வாய்ப்பும் உண்டு, தடையும் உண்டு. உரோமைத் திருச்சபை முறையில் 'ஆஞுஸ்' என்பதிலுள்ள ஞகரம் ஆங்கிலம் பேசுவோருக்குத் தொல்லை தரலாம். நமக்கு அது தாய்மொழி ஒலி. உயிரொலிகளும் தமிழைப் போலத் தெளிவானவை. ஆனால் பள்ளிக்கூட ஆங்கிலத்தின் பழக்கத்தால் 'மாத்தெர்' என்பதை 'மேட்டர்' என்று பாடுவோர் உளர். நாக்கு பல்லைத் தொடும் தகரமே வேண்டும். அதைவிட நுட்பமான குறை சொல்லிறுதி உகரத்தில் உள்ளது: பேச்சில் நாம் உதடு குவிக்காமல் குறுக்கி ஒலிப்பதைப் போலவே 'யேசு', 'ஸ்பிரித்து' என்பவற்றையும் குறுக்கிவிட்டால், எட்டுக் குரல்களும் சேர்ந்த நீண்ட கோர்ட் மங்கிப்போகும். உதட்டை நன்கு குவித்து முற்றுகரமாகவே பாடச் சொல்லுங்கள். 'க்ராத்ஸியா', 'ச்சேலி' போன்ற சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுப்பதில் தவறில்லை.

கர்நாடக இசை கற்றவர்கள் குழாத்தில் இருந்தால் சுருதி உறுதியாக இருக்கும். அது பெரும் பேறு. அவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்றே: சுரத்துக்குச் சுரம் வழுக்காமலும் கமகம் சேர்க்காமலும் நேராக நிற்க வேண்டும். எண்குரல் இசையில் ஒருவரின் அசைவு ஏழு குரல்களின் இசைவைக் கெடுக்கும். மேற்கத்திய சுரக்குறிப்பு வாசிக்கத் தெரியாதவர்களுக்கு ஒவ்வொரு குரலையும் தனித்தனியே பதிவுசெய்து வட்ஸ்அப்பில் அனுப்பலாம். பதிவில் எதிர்க்குழாத்தின் கடைசிச் சொற்றொடரையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் நான்கு வாரங்கள் இரு குழாங்களும் தனித்தனியே பயிலட்டும். ஐந்தாம் வாரம் சேர்ந்தவுடன் பாடலைத் தொடக்கம் முதல் பாட வைக்காதீர்கள். முதற் குழாத்தின் கடைசி நான்கு சொற்களையும் இரண்டாம் குழாத்தின் முதல் நான்கு சொற்களையும் மட்டும் எடுத்து, ஒவ்வோர் இணைப்பிடத்தையும் பலமுறை பாட வையுங்கள். பல இடங்களில் ஒரு குழாத்தின் இறுதி கோர்ட்டின் மேலேயே மற்றது நுழைகிறது. முந்தையவர் முடிக்கட்டும் என்று மரியாதையாகக் காத்திருந்தால் இசை துண்டுபடும். எதிர்க்குழாத்தின் கடைசி அசையோடு சேர்ந்து மூச்செடுக்கப் பழகுவதே இதற்கான தீர்வு.

ஆலயத்தில் எங்கே நிற்பது என்பதில் ஆசையை அடக்க வேண்டும். ஒரு குழாமைப் பின்புற மேல்மாடத்திலும் மற்றதைப் பீடத்தருகிலும் நிறுத்தினால் கண்ணுக்கு அழகுதான். ஆனால் ஒலி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 350 மீற்றர் மட்டுமே செல்வதால், இருபது மீற்றர் இடைவெளியில் காதை நம்பிப் பாடுபவர் தெளிவாகவே பிந்துவார். முதன்முறை பீடத்தின் இரு பக்கங்களிலும் ஆறேழு மீற்றர் இடைவெளியில் சற்று உட்பக்கம் திரும்பி நிற்பது போதும். எல்லோரும் நெறியாளரின் கையைப் பார்த்தே பாட வேண்டும். ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம். இரு குழாங்களின் குரலும் ஒரே பெட்டியிலிருந்து வெளிவந்தால் பிரித்து நிறுத்தியதன் பொருளே போய்விடும். மின்விசிறிகளைப் பாடல் முடியும் வரை நிறுத்த ஏற்பாடு செய்யுங்கள். வியர்த்தாலும் பரவாயில்லை, தாள்களாவது பறக்காமலிருக்கும். மார்கழி மழை தகரக் கூரையில் கொட்டும் ஆலயங்களில் நத்தாருக்கு இதைத் திட்டமிடாமல், மழை ஓய்ந்த தவக்காலத்துக்கு வைத்துக்கொள்வது அறிவுடைமை.

திருப்பலியில் இலத்தீன் பல்குரல் இசைக்கு இடமுண்டா என்று கேட்போருக்கு, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1963ஆம் ஆண்டு வழிபாட்டு ஏடு அதை விலக்கவில்லை என்று சொல்லலாம். எனினும் பங்குத்தந்தையுடன் முன்கூட்டியே பேசி, காணிக்கைப் பவனி வேளையிலோ நற்கருணை வேளையிலோ இடம் கேட்பது முறை. பாடலின் தமிழ்ப் பொருளை ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்தால் இறைமக்கள் உடன் செபிப்பார்கள்.

துணைக்கருவி இன்றிப் பாடுவதே என் விருப்பம். ஆனால் ஆள் குறைந்த குழாம் கீபோர்ட்டின் ஓகன் ஒலியைத் துணைகொள்ள வெட்கப்பட வேண்டியதில்லை. விக்டோரியாவே 1600இல் மத்ரிட்டில் வெளியிட்ட தொகுதியில் ஓகனுக்கென ஒரு பகுதியைச் சேர்த்திருக்கிறார். தாளப் பொத்தானை மட்டும் எவரும் தொடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். கருவியின்றிப் பாடும்போது சுருதி இறங்கினால் உரக்கப் பாடச் சொல்வதால் பயனில்லை. எந்த இணைப்பிடத்தில் இறங்குகிறது என்பதைச் சுருதிக் கவையால் கண்டறிந்து, அங்கே நுழையும் குழாத்தின் பேஸ் குரலை முதலில் திருத்துங்கள். மற்ற மூன்று குரல்களும் பெரும்பாலும் அதன் பின்னே வந்துவிடும்.