சர்க்கரைப் பானத்துக்கு எப்படி வரி போடுவது?

விலையில் சதவீதமாகப் போடாதீர்கள். மலிவுப் பானத்துக்கு வரியும் மலிவாகிவிடும். சர்க்கரையை அளந்து போடுங்கள். பிரிட்டன் 2018 ஏப்ரலில் வைத்த படிகள்: 100 மில்லியில் 5 கிராமுக்குக் கீழே வரி இல்லை, 5 முதல் 8-க்குள் லிட்டருக்கு 18 பென்ஸ், 8-ம் அதற்கு மேலும் 24. 330 மில்லி கேனில் 35 கிராம் என்றால், 100 மில்லிக்கு 10.6, கேனுக்கு ஏறத்தாழ 8 பென்ஸ்.

அறிவித்து இரண்டு வருடம் கழித்தே அமல்படுத்தினார்கள். அந்த அவகாசம்தான் உயிர்நாடி: பல கம்பெனிகள் கலவையையே மாற்றி 5-க்குக் கீழே இறங்கின.

கடைக்காரரிடம் வசூலிக்காமல், தயாரிப்பாளரிடமும் இறக்குமதியாளரிடமும் வசூலியுங்கள். விலைவாசிக்கேற்ப தொகையை உயர்த்தாவிட்டால் வரி தேய்ந்துவிடும். நாட்டின் எல்லையையும் பாருங்கள்: டென்மார்க் 2011-ல் வெண்ணெய் போன்றவற்றில் உள்ள நிறைவுற்ற கொழுப்புக்கு வரி போட்டது, மக்கள் பக்கத்து ஜெர்மனிக்குப் போய் வாங்கி வந்தார்கள், 2013 பிறந்ததும் வரி ரத்து.