செய்மதித் தரவிலிருந்து மின்நிலையக் காபனைக் கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் இந்தக் கணக்கைப் பழகுபவர்கள் முதலில் கைவைப்பது நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில்தான். தலா 300 மெகாவாற்று கொண்ட மூன்று நிலக்கரி அலகுகள்; தெரிவு சரியானதே. தரக்குறியீட்டை (அளவீடு நம்பத்தக்கதா என்று சொல்லும் குறியை) பார்க்காமல் தரவெடுப்பது போன்ற சில்லறைப் பிழைகள் தானாகவே திருந்திவிடும். கீழே உள்ளவை அப்படியல்ல.

10 மீற்றர் உயரக் காற்றால் பெருக்குவது

எல்லாவற்றிலும் நட்டம் கூடியது இதுதான். செய்மதி உமிழ்வை அளப்பதில்லை. தரையிலிருந்து வான்வரை உள்ள காற்றில் காபனீரொட்சைட்டு சுற்றுப்புறத்தைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்பதை மட்டுமே அது தருகிறது. புகைத்தாரையைக் குறுக்காக வெட்டி, அந்த மேலதிகத்தைக் கூட்டி, காற்று வேகத்தால் பெருக்கினால்தான் உமிழ்வு வரும். காற்றில் 30 சதவீதம் பிழைத்தால் விடையும் 30 சதவீதம் பிழைக்கும்.

1 பிபிஎம் (பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) மேலதிகம் என்பது சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 15.7 கிராம். குறுக்குவெட்டில் மொத்தம் (மேலதிகம் × அகலம்) 3 பிபிஎம்-கிலோமீற்றர் வந்தால், தாரையின் ஒவ்வொரு மீற்றர் நீளத்திலும் 47 கிலோ இருக்கிறது. காற்று விநாடிக்கு 4 மீற்றர் என்றால் மணிக்கு சுமார் 680 தொன். 6 மீற்றர் என்றால் 1,020 தொன்.

சூடான புகை புகைபோக்கியைத் தாண்டியும் மேலெழும்பி, நண்பகல் கலப்புப் படை (தரைச் சூட்டால் காற்று கலங்கும் கீழ்ப்படை) முழுவதும் பரவுகிறது. அங்கே காற்று பெரும்பாலும் தரையைவிட வேகமானது. போதாததற்கு, காபனீரொட்சைட்டை அளக்கும் நாசா செய்மதி ஓசிஓ-2 கடக்கும் பிற்பகல் 1.30 கடற்காற்று வீசும் நேரம். ஈஆர்ஏ5 என்ற ஐரோப்பிய வானிலைத் தரவின் 0.25 பாகைக் கட்டம் (ஏறத்தாழ 28 கிலோமீற்றர்) கடலையும் புத்தளம் களப்பையும் கற்பிட்டி நிலத்தையும் ஒரே எண்ணாக்கிவிடும்.

10 மீற்றர் உயரக் காற்றால் பெருக்கி 680 தொன் வந்ததும் "ஒரு அலகு குறைந்த சுமையில் ஓடியிருக்கும்" என்று காரணமும் எழுதிவிடுகிறார்கள். அன்றைய உற்பத்திப் பதிவைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. நம்பும்படி வருகிற பிழையான விடையை அப்புறம் யாரும் தேடிப் பிடிக்கமாட்டார்கள்.

புகை பரவிய படையின் சராசரிக் காற்றை எடுங்கள். நாசாவின் வானிலைத் தரவான மெர்ரா-2 உடன் ஒப்பிடுங்கள். இரண்டும் கால்பங்குக்கு மேல் விலகினால் அந்த நாளைக் கைவிடுங்கள். திசையை, அதே புகையில் வரும் நைதரசனீரொட்சைட்டைக் காட்டும் ட்ரோப்போமி என்ற செய்மதிக் கருவியின் அதே நாள் படத்தோடு பொருத்திப் பாருங்கள்.

பின்னணியை ஒரு பக்கத்தில் மட்டும் எடுப்பது

420 பிபிஎம்மை அண்டிய பின்னணியில் நாம் தேடும் மேலதிகம் 1 பிபிஎம் அளவே. தனி அளவீடுகளின் சிதறலும் ஏறத்தாழ அவ்வளவுதான். செய்மதியின் அதே தடத்தில் தாரைக்கு இருபுறமும் புள்ளிகளை எடுத்து நேர்கோடு பொருத்துங்கள். தென்மேல் பருவக் காற்றுக் காலத்தில் இன்னொரு பொறி: களப்புக்கு அப்பால் பாலாவியில் சீமெந்துத் தொழிற்சாலை இருக்கிறது. அதன் புகை உங்கள் பின்னணிக்குள் வந்துவிடக்கூடாது.

களப்பின் மேல் நேர்கீழ்ப் பார்வைத் தரவு

தண்ணீர் அகச்சிவப்பில் கறுப்பு. நேர்கீழே பார்த்தால் போதிய ஒளி திரும்பாது. நீரில் சூரியன் தெறிக்கும் இடத்தை நோக்கி எடுத்த சூரியத் தெறிப்பு முறைத் தரவு இல்லையென்றால் விடுங்கள்.

செய்மதி கடந்த மணியையே புகை உமிழ்ந்த மணியாகக் கொள்வது

நிலையத்திலிருந்து 20 கிலோமீற்றர் தள்ளி வெட்டினால், விநாடிக்கு 5 மீற்றர் வேகத்தில் அந்தப் புகை 67 நிமிடங்களுக்கு முன் வெளியேறியது. உற்பத்தி விவரமும் அந்த நேரத்துக்குரியதாக இருக்கவேண்டும்.

ஒரு நாளை 365 ஆல் பெருக்குவது

வேண்டாம். செய்மதிக்குக் கிடைப்பது மேகமற்ற நாட்கள் மட்டுமே. மழைக்கால ஓட்டம் அதில் அகப்படாது.