கையடக்கக் கேமராவில் பறவைகளைப் படமெடுப்பது எப்படி? ரெட்டேரி முதல் எண்ணூர் வரை

கொக்கைப் படமெடுக்க முழ நீள லென்ஸ் வேண்டும் என்பதில்லை. ஆனால் கையடக்கக் கேமராவில் ஒளியைப் பதியும் சென்சார் மிகச் சிறியது என்பதால், நல்ல வெளிச்சத்தையும் குறைந்த தூரத்தையும் நாம்தான் தேடிக் கொடுக்க வேண்டும்.

முதலில் மெனுவில் டிஜிட்டல் ஜூமை அணைத்துவிடுங்கள். அது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குகிறதே தவிர, பறவையை அருகில் கொண்டுவருவதில்லை. பீப் ஒலியும் ஃபிளாஷும் வேண்டாம்.

அடுத்து நேரமும் இடமும். சென்னையின் ரெட்டேரியிலோ எண்ணூர் கழிமுகத்திலோ காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பார்த்தால், வெயில் நம் முதுகில் விழும். பறவையின் கண்ணும் இறகும் துலங்கும். காசிமேட்டில் கடல் கிழக்கே இருப்பதால், காலையில் கடல் பக்கம் பறக்கும் செம்பருந்து வெறும் நிழலுருவாகவே பதியும். அங்கே மாலை வெயிலே வசதி. உச்சி வெயிலில் சேற்றின் மேல் கானல் அலையும்போது எந்த அமைப்பும் கைகொடுக்காது. அக்டோபர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகளும் வந்திருக்கும்.

பறவையை நோக்கி நேராக நடக்காமல், பக்கவாட்டில் மெல்ல நகருங்கள். அது கழுத்தை நிமிர்த்திப் பார்த்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். கூடுகளின் பக்கம் போகவே கூடாது.

ஃபோகஸ் புள்ளியை நடுவில் வைத்து, பொத்தானைப் பாதி அழுத்திப் பிடித்து, பறவை தலையைத் திருப்பும் கணத்தில் முழுதாக அழுத்துங்கள். நிற்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/250 நொடி போதும். பறப்பதற்கு 1/1000 வேண்டும். கேமராவின் ஒளியுணர்வு அளவான ஐ.எஸ்.ஓ. 800-ஐத் தாண்டினால், என் கணிப்பில், இறகின் நுட்பம் கரைந்துவிடுகிறது.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது வெள்ளை நிறத்தில்தான். ஆகாயத்தாமரையின் கரும்பச்சைக்கு நடுவே சின்னக்கொக்கு நிற்கும்போது, கேமரா அந்த இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுவதால், கொக்கின் உடல் ஒரு வரிகூட இல்லாமல் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, -0.7 அல்லது -1 என இறக்கினால் இறகுகள் தனித்தனியாகத் தெரியும். வெளிறிய வானத்தில் பருந்து என்றால் நேர்மாறாக +1 வையுங்கள். மடையான் என்னும் குளத்துக் கொக்குதான் பொல்லாதது: உட்கார்ந்திருக்கையில் சேற்றோடு சேறாகத் தெரியும் அது, எழும்பியதும் வெள்ளைச் சிறகை விரித்து, அதுவரை சரியாக இருந்த அமைப்பைத் தவறாக்கிவிடும். பறக்கப்போகிறது என்று தோன்றினால் எக்ஸ்போஷரை முன்கூட்டியே இறக்கிவிடுங்கள்.

வீடு திரும்பியதும், கண் கூர்மையாகப் பதிந்த படங்களை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றின் நகலில் தேவையான பகுதியை வெட்டிக்கொள்ளுங்கள். மூலப்படத்தில் கை வைக்க வேண்டாம்.