எந்தக் குளிர் என்று பார்த்துவிட்டுத் தயாராகுங்கள்

வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் நம்பிக் குளிர்காலத்துக்குத் தயாரானால் பாதி ஏற்பாடு வீணாகிவிடும். லண்டனில் 4 டிகிரியில் மழையும் சேர்ந்தால் வாட்டுவது ஈரம். கனடாவின் வினிபெக்கில் வாட்டுவது சமவெளிக் காற்று. சைபீரியாவின் யாகுட்ஸ்கில் ஜனவரி மாதச் சராசரியே மைனஸ் 38 டிகிரியை ஒட்டி இருக்கும். ஆனால் அங்கே காற்று பெரும்பாலும் அசையாது, உலர்ந்தே இருக்கும். தில்லியிலும் டெக்சாசிலும் சிக்கல் வேறு: வெயிலை மனத்தில் வைத்துக் கட்டிய வீட்டுக்குள் குளிர் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நீங்கள் போகும் ஊர் இதில் எந்த வகை என்று பார்த்துவிட்டு உடுப்பு வாங்குங்கள்.

ஈரமும் காற்றும்

நீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டைக் கடத்தும். அதனால் ஈரக்குளிர் ஊர்களில் உடம்பை ஒட்டிப் பருத்தி பனியன் போடக் கூடாது. வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் காயாமல் கிடக்கும். உள்ளே மெல்லிய மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர், நடுவில் ஃபிளீஸ் எனும் பஞ்சுபோன்ற செயற்கைத் துணி, மேலே நீர் புகாத ஜாக்கெட். நடக்கத் தொடங்கும்போது லேசாகக் குளிர வேண்டும், அதுதான் சரியான அளவு. ஏறுநடையில் வியர்ப்பதற்கு முன்பே ஜிப்பைத் திறந்துவிடுங்கள். வியர்த்த பிறகு திறந்து பயனில்லை.

காலில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு ஜோடி காலுறையைத் திணித்தால் ரத்த ஓட்டம் குறையும், சூட்டைப் பிடித்துவைக்கும் காற்றுக்கும் இடமிருக்காது, விரல் இன்னும் சீக்கிரம் மரத்துப்போகும். தடித்த கம்பளிக் காலுறை ஒன்று போதும். விரலை அசைக்க இடமிருக்கும்படி ஷூவை அரை சைஸ் பெரியதாக வாங்குங்கள்.

காற்றடிக்கும் ஊரில் கணக்கு மாறும். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால் தோலுக்கு அது மைனஸ் 20 போல. மைனஸ் 20-ல் அதே காற்று என்றால் மைனஸ் 33 போல. இந்த இரண்டாவது நிலையில் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையத் தொடங்கும். மூக்கு நுனி, கன்னம், காது மடல், விரல் நுனி ஆகியவைதான் முதலில் மாட்டும். விரல்கள் ஒன்றாக இருக்கும் பை போன்ற கையுறை, விரல் பிரிந்த கையுறையைவிடச் சூடு காக்கும். தோல் வெளுத்து, மெழுகு பூசினாற்போல் ஆகி, உணர்ச்சி போய்விட்டால் அது பனிக்கடி. தேய்க்காதீர்கள், பனியை அள்ளித் தேய்ப்பது இன்னும் மோசம், உறைந்த திசு கிழியும். உள்ளே வந்து, 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் வையுங்கள். மரத்த கைக்குச் சூடு தெரியாது என்பதால் நீரை வேறொருவர் தொட்டுப் பார்க்க வேண்டும். மறுபடி வெளியே போய் உறையும் வாய்ப்பு இருந்தால் உருக்காமல் விடுவதே மேல். உருகி மீண்டும் உறைந்தால் சேதம் பல மடங்கு. தோல் நிறம் திரும்பாவிட்டாலோ கொப்புளம் வந்தாலோ மருத்துவமனைதான்.

கடுங்குளிரில் சில்லறைச் சங்கதிகள்

மைனஸ் 30-க்குக் கீழே உலோகத்தை வெறுங்கையால் தொடக் கூடாது, தோல் ஒட்டிக்கொள்ளும். கைபேசியை உடம்போடு ஒட்டிய உள்பையில் வையுங்கள். வீட்டுக்குள் நுழையும் முன், கேமராவை வாசலிலேயே ஜிப் பையில் போட்டு மூடிவிட்டுக் கொண்டுவந்தால் ஈரம் பையின் வெளிப்புறத்தில்தான் படியும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரியுங்கள்.

வீட்டுக்குள் சூடு

ஜன்னலை மாதக்கணக்கில் திறக்காமல் இருப்பது தவறு. மூச்சு, சமையல், குளியல் எல்லாவற்றின் ஈரமும் குளிர்ந்த சுவர் மூலையில் படிந்து பூசணம் பிடிக்கும். ஜெர்மன்காரர்களின் வழக்கம் சரியானது: ஜன்னலை நாள் முழுக்க லேசாகச் சாய்த்துத் திறந்து வைக்காமல், எதிரெதிர் ஜன்னல்களை அகலத் திறந்து 5 முதல் 10 நிமிடம் விட்டு மூடிவிடுவார்கள், நாளுக்கு இரண்டு மூன்று முறை. காற்று மாறிவிடும், சுவரின் சூடு போகாது. திறக்கும் நேரத்தில் ஹீட்டரைக் கண்டிப்பாகக் குறைத்துவிடுங்கள்.

காஷ்மீரில் ஃபெரன் என்ற தொளதொள அங்கிக்குள் காங்க்ரி எனும் தணல் கூடையை வைத்துக்கொள்வார்கள். டிசம்பர் 21-ல் தொடங்கும் 40 நாள் கடுங்குளிரில் இதைவிட மலிவான வழி கிடையாது. ஆனால் தொடையிலும் வயிற்றிலும் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் சூடு பட்டால் தோல் புற்றுநோய் வரலாம். இது மருத்துவர்கள் நன்கறிந்த நோய். வைக்கும் இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள், தூங்கும்போது வெளியே எடுத்துவிடுங்கள்.

பூட்டிய அறையில் கரி எரிப்பதுதான் குளிர்காலத்தின் உண்மையான கொலையாளி. தில்லியில் குமுட்டி அடுப்பு; 2021 பிப்ரவரியில் மின்சாரம் போன டெக்சாசில் கரி கிரில்லும், வீட்டோடு ஒட்டிய கராஜில் ஓடவிட்ட காரும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. தலைவலி, குமட்டல், அசதி வந்து, வெளியே போனால் சரியாகிறது என்றால் சந்தேகப்படுங்கள். தூங்கும் அறையில் கணப்பு கூடாது, ஜன்னலைக் கீறல் அளவு திறந்து வைத்தாலும் கூடாது. விறகு அடுப்பு வைத்திருப்பவர்கள் படுக்கையறைக்கு வெளியே ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டுங்கள்.

குழாய் வெடிப்பதேன்?

நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும். ஆனால் குழாய் பெரும்பாலும் பனிக்கட்டி இருக்கும் இடத்தில் வெடிப்பதில்லை. பனிக்கட்டிக்கும் மூடிய குழாய்த் திருகுக்கும் இடையே மாட்டிய நீரின் அழுத்தம் ஏறி, பலவீனமான இணைப்பு பிளக்கிறது. இது புரிந்தால் பரிகாரமும் புரியும். வெளிச்சுவரை ஒட்டிய குழாயில் திருகை லேசாகத் திறந்து நூலிழை போல நீர் ஒழுக விட்டால் அழுத்தம் ஏறாது. சிங்க்குக்குக் கீழுள்ள அலமாரிக் கதவையும் திறந்து வையுங்கள், அறைச் சூடு உள்ளே போகட்டும்.

ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் இதைவிடக் கெட்டியான முறை உண்டு. வீட்டுக்குள் வரும் குழாயில் ஒரு வடிகால் வால்வு இருக்கும். இரவில் அல்லது ஊருக்குப் போகும் முன் அதை முழுக்க மூடி, எல்லாத் திருகுகளையும் திறந்தால் காற்று நுழைந்து, குழாயிலுள்ள நீர் தரைக்கு அடியில் வடிந்துவிடும். கழிப்பறைத் தொட்டியையும் காலி செய்யுங்கள். மறுபடி திறக்கும்போது, ஒரு திருகை மட்டும் சற்றுத் திறந்து வைத்து வால்வை மெதுவாக, ஆனால் முழுவதும் திறக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் நீர் மண்ணுக்குள் கசிந்துகொண்டே இருக்கும், கட்டணச் சீட்டு வரும்வரை தெரியாது.

உறைந்துவிட்டதா? திருகைத் திறந்து வைத்து, திருகுப் பக்கத்திலிருந்து தொடங்கி ஹேர் டிரையரால் மெல்லச் சூடு காட்டுங்கள். நெருப்பு காட்டாதீர்கள், கொதிநீரும் ஊற்றாதீர்கள். பிளவு தெரிந்தால் முதலில் மெயின் வால்வை மூடுங்கள்.

கூரையும் பாதையும்

புதுப்பனி ஒரு கனமீட்டர் 50 முதல் 100 கிலோ. படிந்து இறுகினால் 300 கிலோ. 100 சதுர மீட்டர் கூரையில் ஒரு மீட்டர் இறுகிய பனி நின்றால் 30 டன். ஜப்பானின் நீகாட்டா போன்ற பகுதிகளில் கூரையில் ஏறித் தள்ளாமல் தீராது, அங்கிருந்து விழுந்து சாகிறவர்களில் முதியோரே அதிகம். தனியே ஏறக் கூடாது. தலைக்கவசமும் நங்கூரமிட்ட கயிறும் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் காலி செய்தால் பாரம் சாய்ந்துவிடும். அடியில் 10 சென்டிமீட்டர் விட்டுவையுங்கள், கால் வழுக்காது. பனி பெய்து முடிந்து வெயிலடிக்கும் நாள்தான் மோசம், மொத்தமாகச் சரியும்.

நடைபாதையில் முதலில் வாரிவிட்டுப் பிறகு உப்புத் தூவுங்கள், சதுர மீட்டருக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம். மைனஸ் 10-க்குக் கீழே சாதாரண உப்பு ஏறக்குறைய வேலை செய்யாது. கால்சியம் குளோரைடு அல்லது மணல்தான்.

கார்

7 டிகிரிக்குக் கீழே கோடை டயரின் ரப்பர் விறைக்கும். குளிர்கால டயரை நான்கு சக்கரத்துக்கும் மாற்றுங்கள். இரண்டு மட்டும் மாற்றினால் வளைவில் வண்டி சுழலும். மைனஸ் 15-க்குக் கீழே போகும் ஊர்களில் எஞ்சின் சூடேற்றியைக் கிளம்ப 2 முதல் 4 மணி நேரம் முன் மின்சாரத்தில் இணையுங்கள், இரவு முழுக்கத் தேவையில்லை, டைமர் போதும். பனியில் சிக்கிக்கொண்டால் வண்டியை விட்டு இறங்கி நடக்க வேண்டாம். புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றிய பிறகே எஞ்சினைப் போடுங்கள், மணிக்கு 10 நிமிடம் மட்டும், காற்று வராத பக்கத்துக் கண்ணாடியைச் சற்று இறக்கிவிட்டு. பனி கொட்டிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு முறையும் அந்தக் குழாயை மறுபடி பாருங்கள்.